எஞ்சின் ‘மிஸ்’ அடித்தால், சாமானை மாற்ற முதல் காரணத்தைத் தேடுங்கள்

வன்னியில் கார் வைத்திருக்கும் பலருக்கு அதுதான் சீவியம். விசுவமடுவில் இருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கிளினிக் செல்லும் நோயாளி, முள்ளியவளையில் இருந்து கட்டுநாயக்கவுக்குப் புறப்படும் இளைஞன், வவுனியாவில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போகும் குடும்பம் என்று ஹயர் ஓடினால்தான் அடுப்பெரியும். மாத முடிவில் லீசிங் தவணையும் கட்டலாம். அந்தக் கார் ஒருநாள் காலையில் நடுங்கத் தொடங்குகிறது. சந்தியில் நிற்கும்போது இருக்கை அதிர்கிறது. அக்ஸிலரேற்றரை மிதித்தால் இழுவை இல்லை. சைலன்சரில் இருந்து வரும் சத்தம் இடையிடையே அறுந்து அறுந்து கேட்கிறது. டாஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. எங்கள் பேச்சில் சொன்னால், எஞ்சின் ‘மிஸ் அடிக்கிறது’.

அதன் பிறகு நடப்பது பலருக்கும் தெரிந்த கதை. கராஜில் முதலில் பிளக் மாற்றப்படும். சரிவரவில்லை என்றால் கொயில். அதுவும் சரிவரவில்லை என்றால் பெற்றோல் பம்ப். கடைசியில் எஞ்சினையே மாற்றச் சொல்வார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் எங்களிடம் இருந்த கார்களுக்கு வயது கூடியது. 2022 இல் ரூபாயின் பெறுமதி விழுந்தபோது உதிரிப்பாகங்களின் விலை ஏறியது. தேவையில்லாமல் மாற்றப்படும் ஒவ்வொரு சாமானும் யாரோ ஒருவருடைய சில நாள் உழைப்பு.

இந்தக் கட்டுரைக்காகக் கிளிநொச்சியில் ஒரு சிறிய கராஜில் மூன்று நாட்கள் இருந்தேன். அதை நடத்துபவர் ஐம்பதுகளின் கடைசியில் இருக்கும் ஒரு மெக்கானிக். தன்னுடைய பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், எல்லோரும் அவரைக் கூப்பிடுவது போலவே ‘அண்ணை’ என்று எழுதுகிறேன். அவரிடம் நான் கண்டது ஒரு ஒழுங்கு. எந்தக் கேள்வியை முதலில் கேட்பது, எதை அடுத்துக் கேட்பது என்ற ஒழுங்கு. கார் வைத்திருப்பவர்களும் அதைத் தெரிந்து வைத்திருந்தால் நிறையப் பணம் மிஞ்சும்.

எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது?

பெற்றோல் எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு பிஸ்டன் மேலும் கீழுமாக ஓடுகிறது. முதலில் காற்றும் பெற்றோலும் உள்ளே இழுக்கப்படுகின்றன. அடுத்து பிஸ்டன் மேலே வந்து அதை அமுக்குகிறது. அமுங்கிய கலவைக்குப் பிளக் தீப்பொறி கொடுக்க, அது எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. கடைசியில் எரிந்த புகை வெளியே போகிறது. இந்த நான்கு அடிகளுக்குள் எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றி முடிக்கிறது.

நான்கு சிலிண்டர் கார் ஒன்று நின்ற இடத்தில் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடுகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 400 தடவை எரிய வேண்டும். நான்குக்கும் சேர்த்து 1600. இதில் ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால், நான்கு பேர் தூக்கிய பாரத்தை மூன்று பேர் தூக்குவது போலாகிறது. அதுதான் நடுக்கம். வகன் ஆர், அல்டோ போன்ற சிறிய கார்களில் மூன்று சிலிண்டர்தான். அங்கே ஒன்று நின்றால் மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடும். ஓட்டோவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பெரும்பாலும் ஒரே ஒரு சிலிண்டர். அதுவும் இடைக்கிடை எரியாமல் விட்டால் வண்டி துள்ளித் துள்ளித்தான் போகும்.

ஒரு சிலிண்டர் எரிய மூன்று விடயங்கள் வேண்டும். சரியான நேரத்தில் பலமான தீப்பொறி. சரியான அளவில் காற்றும் பெற்றோலும், அதாவது நிறையில் 1 பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று. அந்தக் கலவையை இறுக்கமாக அமுக்கும் அழுத்தம், அதாவது ‘கொம்பிரஷன்’. எஞ்சின் மிஸ் அடித்தால் இந்த மூன்றில் ஒன்று இல்லை என்று அர்த்தம். எது இல்லை என்று தெரியாமல் வாங்கும் சாமான் லொத்தர் சீட்டு வாங்குவது போன்றது.

மண்ணெண்ணெய்க் காலம் சொல்லித் தந்தது

1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கிய பின், வடக்கின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் பெற்றோலும் பற்றரியும் இல்லாமல் போயின. 2002 ஜனவரியில் அது பெருமளவில் நீக்கப்படும் வரை, எங்கள் வீதிகளில் ஓடிய ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. நான் சிறுவனாக இருந்த காலத்து வீதியின் மணமே அந்த எரியாத மண்ணெண்ணெயின் மணம்தான். கண் எரிக்கும் வெள்ளைப் புகையை அந்த வயதில் எல்லோரும் அறிந்திருந்தோம்.

அது எப்படிச் சாத்தியமானது என்று அண்ணையிடம் கேட்டேன். பெற்றோல் குளிரிலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் ஆவியாக ஏறக்குறைய 150 பாகை செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். அதனால்தான் சிறு போத்தலில் ஒளித்து வைத்திருந்த சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை ஸ்ராட் பண்ணி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அந்தப் பழைய எஞ்சின்கள் கலவையை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகத்தான் அமுக்கும். அதனால் மண்ணெண்ணெயைத் தாங்கின. இன்றைய கார்கள் பத்தில் ஒரு பங்கு அளவுக்கும் அதற்கு மேலும் அமுக்குகின்றன. அவற்றில் மண்ணெண்ணெய் ஊற்றினால் கலவை நேரகாலமின்றித் தானாக வெடித்துப் பிஸ்டனையே உடைக்கும்.

மண்ணெண்ணெய் முழுதாக எரிவதில்லை. பிளக்கில் கரி பிடித்தது. எரியாத எண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலந்தது. மிஸ் அடிக்காத வண்டி என்று அன்று ஒன்றும் இருக்கவில்லை என்கிறார் அண்ணை. புதுப் பிளக் கிடைக்காது, கிடைத்தாலும் வாங்க முடியாது. ஆகவே கழற்றிய பிளக்கின் நிறத்தைப் பார்த்தும், சைலன்சரில் கை வைத்தும், சத்தத்தைக் கேட்டும் எந்த சிலிண்டரில் என்ன குறை என்று கண்டுபிடித்த பின்தான் ஒரு திருகாணியையே கழற்றினார்கள். “மாத்த ஒண்டும் இல்லை தம்பி. அதாலை யோசிச்சம்” என்றார்.

இன்று எல்லாச் சாமானும் கடையில் இருக்கின்றன. யோசிப்பதற்கான அவசியம் குறைந்துவிட்டது, அதற்கான செலவை வாகனக்காரர் கட்டுகிறார்.

எப்போது மிஸ் அடிக்கிறது?

நான் இருந்த இரண்டாம் நாள், புதுக்குடியிருப்புப் பக்கத்தில் இருந்து ஒருவர் தன்னுடைய ஜப்பான் காருடன் வந்தார். 1500 சிசி, நான்கு சிலிண்டர், ஹயர் ஓடும் கார். ஏற்கெனவே வேறு இடங்களில் நான்கு பிளக்குகளையும் மாற்றி, பிறகு பாவித்த கொயில்கள் நான்கையும் வாங்கிப் போட்டிருந்தார். அந்தச் செலவு ஒரு மாத லீசிங் தவணையைத் தாண்டிவிட்டது. நடுக்கம் போகவில்லை. பெற்றோல் பம்ப் மாற்ற வேண்டும் என்று கடைசியாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வாரமாகத் தூர ஹயர் எடுக்கவில்லை.

அண்ணை பொனற்றைத் திறக்கவில்லை. பத்து நிமிடம் கேள்விதான் கேட்டார். காலையில் குளிராக இருக்கும்போதா, சூடேறிய பிறகா? நின்ற இடத்திலா, ஓடும்போதா? மழையில் கூடுகிறதா? பெற்றோல் அடித்த பின் தொடங்கியதா? அண்மையில் யாராவது எஞ்சின் பக்கம் கை வைத்தார்களா?

இந்தக் கேள்விகளுக்கான பதிலே பாதி வழியைக் காட்டிவிடும். மழையிலும் ஈரத்திலும் மட்டும் மிஸ் அடித்தால் பிளக் வயரிலோ கொயிலிலோ வெடிப்பு இருக்கலாம். ஏற்றத்திலும் ஆள் ஏற்றிய பின்னும் மட்டும் என்றால் தீப்பொறி பலவீனம். நின்ற இடத்தில் நடுங்கி, வேகம் எடுத்தவுடன் சரியானால் எங்கோ காற்று கள்ளமாக உள்ளே போகிறது, அல்லது வால்வில் குறை. வேகமாக ஓடும்போது மட்டும் திணறினால் பெற்றோல் போதியளவு வருவதில்லை. குளிரில் ஸ்ராட் பண்ணியவுடன் சில விநாடி நடுங்கி, றேடியேற்றர் தண்ணீரும் அடிக்கடி குறைந்தால் ஹெட் காஸ்கெட்டில் சந்தேகம் கொள்ள வேண்டும். பெற்றோல் அடித்த அன்றே தொடங்கினால், தண்ணீரோ மண்ணெண்ணெயோ கலந்த எரிபொருளை முதலில் நினைக்க வேண்டும். 2022 இல் வரிசையில் நின்று வாங்கிய பெற்றோலைக் கலன்களில் சேமித்து வைத்துப் பின்னர் ஊற்றிய பலருக்கு இந்த அனுபவம் இருக்கும்.

வந்தவர் சொன்ன பதில்: எல்லா நேரமும் நடுக்கம், சில சமயம் தானாகவே சரியாகிவிடும், பள்ளத்தில் விழுந்து எழும்பினால் மீண்டும் தொடங்கும். ‘பள்ளத்தில் விழுந்து எழும்பினால்’ என்பதை அண்ணை இரண்டாம் தடவையும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

எந்த சிலிண்டர்?

இன்றைய கார்களின் கணினி, கிராங் தண்டு சுற்றும் வேகத்தைத் தொடர்ந்து கவனிக்கிறது. ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால் அந்தக் கணத்தில் வேகம் சற்றுக் குறையும். அதை வைத்து எந்த சிலிண்டர் என்று குறித்துக்கொள்ளும். ஸ்கானரைப் பொருத்தினால் அந்தக் குறியீடு தெரியும். பி0301 என்றால் முதலாம் சிலிண்டர், பி0302 இரண்டாம் சிலிண்டர் என்று போகும். பி0300 என்றால் ஒரே சிலிண்டர் என்று சொல்ல முடியாமல் பலவற்றிலும் மாறி மாறி நடக்கிறது. அப்படியானால் பெற்றோல், காற்றுக் கசிவு போன்ற பொதுவான காரணத்தைத் தேட வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். பி0303 என்று வந்தால் ‘மூன்றாம் சிலிண்டர் எரியவில்லை’ என்று மட்டும்தான் அர்த்தம். ‘மூன்றாம் கொயிலை மாற்று’ என்று ஸ்கானர் சொல்லவில்லை. பலருடைய பணம் போவது இந்த இடத்தில்தான்.

ஸ்கானர் இல்லாவிட்டாலும் வழி உண்டு. எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரையும் மாறி மாறி நிறுத்திப் பார்ப்பது. நல்ல சிலிண்டரை நிறுத்தினால் எஞ்சின் இன்னும் மோசமாக நடுங்கும். ஏற்கெனவே செத்த சிலிண்டரை நிறுத்தினால் எந்த மாற்றமும் தெரியாது. மண்ணெண்ணெய்க் காலத்தில் பிளக் வயரைக் கழற்றித்தான் இதைச் செய்தார்கள். இன்றைய கார்களில் இன்ஜெக்டரின் பிளாஸ்டிக் இணைப்பைக் கழற்றுவது நல்லது. அப்போது எரியாத பெற்றோல் சைலன்சருக்குள் போகாது. வெறும் கையால் பிளக் வயரையோ கொயிலையோ தொட வேண்டாம். 20,000 வோல்ற்றுக்கு மேல் அதில் பாயும். ஹைபிரிட் கார்களில் செம்மஞ்சள் நிற வயர்களுக்கு அருகிலேயே போக வேண்டாம். அந்தக் கார்களில் எஞ்சின் தானாக நின்று தானாக ஓடும் என்பதால் இந்தச் சோதனையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுவது பாதுகாப்பு.

புதுக்குடியிருப்புக் காரில் ஸ்கானர் பி0303 காட்டியது. அண்ணை அதை நம்பி நிற்கவில்லை. ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்த்தார். மூன்றாம் சிலிண்டரை நிறுத்தியபோது எஞ்சினில் எந்த வித்தியாசமும் இல்லை.

தீப்பொறி வருகிறதா?

அடுத்து பிளக். எஞ்சின் ஆறிய பிறகு கழற்ற வேண்டும். சூட்டில் கழற்றினால் அலுமினிய ஹெட்டில் உள்ள புரி கெட்டுவிடும். கழற்றிய பிளக்கை எரியும் சிலிண்டரின் பிளக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நுனி வெளிர் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் அந்த சிலிண்டர் ஒழுங்காக எரிகிறது. காய்ந்த கறுப்புக் கரி என்றால் பெற்றோல் கூடுதலாக வருகிறது. பிசுபிசுப்பான கறுப்பு என்றால் எஞ்சின் ஒயில் மேலே ஏறுகிறது. பெற்றோல் மணத்துடன் நனைந்திருந்தால் பெற்றோல் வந்திருக்கிறது, தீப்பொறி வரவில்லை. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் கலவையில் பெற்றோல் குறைவு அல்லது அதிக சூடு. வெள்ளைப் பீங்கானில் பென்சில் கோடு போல் கறுப்புத் தடம் இருந்தால் மின்சாரம் நுனிக்குப் போகாமல் பக்கவாட்டில் ஓடுகிறது.

பிளக் நுனியின் இடைவெளி பெரும்பாலான கார்களில் 0.7 முதல் 1.1 மில்லிமீற்றருக்குள் இருக்கும். உங்கள் காருக்குரிய அளவும் பிளக் இலக்கமும் கார் கைநூலில் உண்டு. சாதாரண நிக்கல் பிளக் 20,000 முதல் 40,000 கிலோமீற்றர் வரை ஓடும். நல்ல இரிடியம் பிளக் 100,000 கிலோமீற்றர் வரையும் ஓடும். இரிடியம் பிளக்கைக் கம்பித் தூரிகையால் தேய்க்கக் கூடாது. நுனி கெட்டுவிடும்.

கொயிலைச் சோதிக்க ஒரு சதமும் செலவில்லாத வழி, இடம் மாற்றுவது. மூன்றாம் சிலிண்டரின் கொயிலை இரண்டாம் சிலிண்டருக்கும், இரண்டின் கொயிலை மூன்றுக்கும் போடுங்கள். குறியீட்டை அழித்து மீண்டும் ஓடிப் பாருங்கள். குறியீடு பி0302 ஆக மாறினால் கொயில்தான் குற்றவாளி. ஒரு கொயில் வாங்கினால் போதும். பி0303 ஆகவே நின்றால் கொயில் நல்லது. பிளக்கையும் இதே மாதிரி இடம் மாற்றிப் பார்க்கலாம்.

அந்தக் காரில் கொயிலை மாற்றியபோதும் குறியீடு நகரவில்லை. மூன்றாம் சிலிண்டர் பிளக் நன்றாகக் காய்ந்திருந்தது, பெற்றோல் மணம் துளியும் இல்லை. பிளக் மாற்றியதும், நான்கு கொயில் மாற்றியதும் வீண் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. சொந்தக்காரர் ஒன்றும் பேசவில்லை. கராஜ் வாசலில் இருந்த ரயரில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பெற்றோலும் காற்றும்

காய்ந்த பிளக் என்றால் பெற்றோல் வரவில்லை. ஆனால் மற்ற மூன்று சிலிண்டர்களுக்கும் ஒழுங்காக வருகிறது. பம்ப் பழுதாகியிருந்தால் நான்குக்கும்தான் குறைந்திருக்கும். ஆகவே பம்ப் மாற்றச் சொன்னதும் பிழை. இந்த ஒரு தர்க்கத்துக்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

ஓடும் எஞ்சினில் நீண்ட திருகாணிச் சாவியின் நுனியை இன்ஜெக்டரில் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்தார் அண்ணை. வேலை செய்யும் இன்ஜெக்டர் ‘டிக், டிக்’ என்று அடிக்கும். முதலாவது அடித்தது, இரண்டாவது அடித்தது, மூன்றாவது அடிக்கவில்லை. எஞ்சினை நிறுத்தி, மல்ரிமீற்றரால் அந்த இன்ஜெக்டரின் தடையை அளந்தார். மற்றவற்றைப் போல 12 முதல் 16 ஓம் என்ற வழமையான அளவுக்குள் இருந்தது. இன்ஜெக்டர் நல்லது. அதற்கு மின்சாரம் போகவில்லை.

வயர்க் கட்டைக் கையால் தடவிக்கொண்டு போனபோது, பிளாஸ்டிக் மூடியின் அடியில் எலி கடித்த இடம் கிடைத்தது. உறையில் பாதி போயிருந்தது. உள்ளே ஓரிரு செப்புத் தும்புகள் மட்டும் தொட்டும் தொடாமலும் இருந்தன. பள்ளத்தில் விழும்போது விலகும், பிறகு தானாகத் தொடும். அடிபட்ட பகுதியை வெட்டி, புதிய துண்டு வயர் வைத்து ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் உறை போட்டு, அசையாமல் கட்டினார். சாமான் செலவு ஒரு பிளேன்ரீயும் வடையும் வாங்கும் காசு. கூலி தனி. குறியீட்டை அழித்து, பரந்தன் வரை ஓடித் திரும்பி வந்து மறுபடி ஸ்கானர் போட்டார். குறியீடு இல்லை.

எல்லாக் காரிலும் எலி கடித்திருக்காது. பெற்றோல், காற்றுப் பக்கத்தில் வேறு பொதுவான காரணங்களும் உண்டு. இன்ஜெக்டர் நுனியில் அழுக்கு அடைத்திருக்கலாம். பெற்றோல் வடிகட்டி அடைத்திருக்கலாம். காற்று உள்ளே போகும் பாதையில் றப்பர் குழாய் வெடித்திருக்கலாம். எங்கள் வெயிலில் றப்பர் விரைவில் காய்ந்து வெடிக்கும். எஞ்சின் ஓடும்போது அந்தக் குழாய்களின் மீது, மின் இணைப்புகளில் படாமல், கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஒரு இடத்தில் தெளிக்கும்போது சத்தம் மாறினால் அங்கேதான் கசிவு. பெற்றோலையோ மற்ற எரியும் திரவங்களையோ தெளித்துப் பார்க்க வேண்டாம், தீப்பிடிக்கும்.

அழுத்தம் இருக்கிறதா?

தீப்பொறியும் பெற்றோலும் சரியாக இருந்தும் சிலிண்டர் எரியவில்லை என்றால்தான் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். பிளக் துவாரத்தில் அளவுமானியைப் பொருத்தி, பெற்றோலையும் தீப்பொறியையும் நிறுத்திவிட்டு, அக்ஸிலரேற்றரை முழுதாக மிதித்தபடி ஸ்ராட்டரைச் சுற்றுவார்கள். நல்ல நிலையில் உள்ள பெரும்பாலான பெற்றோல் எஞ்சின்கள் 150 முதல் 200 பிஎஸ்ஐ வரை காட்டும். எண்ணை விட முக்கியம், சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம். ஒன்று மற்றவற்றை விட நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் அங்கே கசிவு.

எங்கே கசிவு என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. அந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் காஸ்கெட். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒன்றாகக் குறைந்திருந்தால் பெரும்பாலும் அவற்றுக்கு நடுவே காஸ்கெட் போயிருக்கும். ‘எஞ்சின் முடிஞ்சுது’ என்று யாராவது சொன்னால், இந்த எண்களை எழுதித் தரச் சொல்லுங்கள். எண் இல்லாமல் எஞ்சின் மாற்றச் சம்மதிக்க வேண்டாம்.

தள்ளிப் போடுவதும் செலவுதான்

மூன்று சிலிண்டரில் ஓடித் தவணையைக் கட்டிவிட்டுப் பார்ப்போம் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குள்ள நெருக்கடி எனக்கு விளங்குகிறது. ஆனால் எஞ்சின் விளக்கு நிலையாக எரிவதற்கும் விட்டு விட்டு மின்னுவதற்கும் வித்தியாசம் உண்டு. மின்னினால், எரியாத பெற்றோல் சைலன்சர் பாதையில் இருக்கும் கட்டலிற்றிக் கன்வேற்றருக்குள் போய் அங்கே எரிகிறது. அந்தச் சூட்டில் அதன் உட்பகுதி உருகி அடைத்துவிடும். பிளாற்றினம், பலேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் கொண்ட பாகம் அது. ஒரு கொயிலின் விலையோடு முடிந்திருக்கக்கூடிய பழுது பல மடங்காகும். விளக்கு மின்னினால் வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்துங்கள். ஏ9 வீதியில் லொறியை முந்தும்போது இழுவை இல்லாமல் போனால் ஆபத்து உயிருக்கு.

கராஜில் கேட்க வேண்டியவை

மூன்றாம் நாள் ஒரு அம்மா மகனுடன் வந்தார். கணவர் 2009 இல் இல்லாமல் போனவர். வெளிநாட்டில் உள்ள தம்பியின் உதவியில் எடுத்த வகன் ஆரை ஹயருக்கு விட்டுச் சீவிக்கிறார். கையில் வேறொரு கராஜின் பில். அதில் என்னென்ன மாற்றியிருக்கிறார்கள் என்பதே அவருக்குத் தெரியாது. “எனக்கு இதுகள் விளங்காது எண்டு அவைக்குத் தெரியும்” என்றார். அவருக்காக அண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததை நான் பிரதி எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன்.

1. எந்த சிலிண்டர் மிஸ் அடிக்கிறது? அதை எப்படிக் கண்டீர்கள்?

2. ஸ்கானரில் வந்த குறியீட்டைக் காட்டுங்கள். அழிக்க முன் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

3. புதியது வாங்க முன் கொயிலையும் பிளக்கையும் இடம் மாற்றிப் பார்த்தீர்களா? குறியீடு நகர்ந்ததா?

4. போடப்போவது புதியதா, பாவித்ததா? பில்லில் எழுதுங்கள். பிளக் என்றால் அதன் இலக்கத்தையும் எழுதுங்கள்.

5. கழற்றிய பழைய சாமானை என்னிடம் தாருங்கள்.

6. எஞ்சின் மாற்ற வேண்டும் என்றால், ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்த அளவையும் எழுதித் தாருங்கள்.

7. வேலை முடிந்து ஓடிப் பார்த்த பின் மறுபடி ஸ்கான் செய்து காட்டுங்கள்.

இவற்றைக் கேட்பதற்கு மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்கவும் மாட்டார். தேடிக் கண்டுபிடிப்பதும் வேலைதான், அதற்கும் கூலி உண்டு என்பதை நாங்களும் ஏற்றுக்கொள்ள வேண்டும். சாமான் மாற்றினால் மட்டும் காசு கொடுப்போம், ஒரு மணித்தியாலம் யோசித்ததற்குக் கொடுக்க மாட்டோம் என்று நின்றால், எந்த மெக்கானிக்கும் சாமான் மாற்றத்தான் பார்ப்பார்.

அண்ணையிடம் இப்போது இரண்டு பொடியன்கள் வேலை பழகுகிறார்கள். ஸ்கானரை அவரை விட வேகமாகப் பாவிக்கிறார்கள். ஆனால் குறியீடு வந்தவுடன் கடைக்குப் போன் எடுக்க அவர் விடுவதில்லை. பிளக்கைக் கழற்றி, நிறத்தைப் பார்த்து, காரணம் என்னவாக இருக்கும் என்று அவர்கள் வாயால் சொன்ன பிறகுதான் அடுத்த வேலை. நான் புறப்படும்போது அதில் ஒருவன் ஒரு ஓட்டோவின் கரி பிடித்த பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.